தளர்ந்தாரை நிலைநிறுத்தல்: ஆடவர் மனநலம் பற்றிய ஒரு பாடம்

நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்பதை நம் பாடசாலைச் சிறுவரும் ஒப்பிப்பர். அவற்றுள் ஐந்தாவதாகிய உபகூகனம், ஆறாவதாகிய ஸ்திதிகரணம், ஏழாவதாகிய வாத்சல்யம் ஆகிய மூன்றும் நாம் பிறரோடு நடந்துகொள்ளும் முறையைப் பற்றியவை. ஒருவரது குறையைத் தூற்றாது காத்தல், தளர்ந்து வீழ்வாரைத் தாங்கி நிலைநிறுத்தல், அறவழியில் உடன் வருவாரிடம் கன்றின்பால் பசு கொள்ளும் அன்பைக் கொள்ளுதல் என இவற்றை விளக்குவர். இம்மூன்றையும், நம் இல்லங்களில் வாய்விட்டுப் பேசப்படாத ஒரு துன்பத்தோடு பொருத்தி இங்கே படிப்போம். வாழ்வை வெறுத்து, தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளும் எண்ணத்திற்கு ஆளாகும் ஆடவரின் துன்பமே அது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களுள் ஆடவர் 1,22,724 பேர். ஏறத்தாழப் பத்தில் எழுவர். தமிழகத்தில் மட்டும் இறந்தோர் 19,834 பேர். குடும்பச் சிக்கலும் நோயுமே காரணங்களாக மிகுதியும் பதிவாகியுள்ளன. இவ்விரண்டும் புகாத வீடு ஏது? ஆகவே இதனை அயலார் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

கீழவைப்பார்க் கரையில் ஒரு பாடம்

தூத்துக்குடி மாவட்டத்தின் கழுகுமலைக்கு யாத்திரை செல்லும் நம்மவர், பாறையில் வடித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கித் திரும்புவர். அம்மாவட்டத்தின் கடற்கரையில், வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் பகுதியில், கீழவைப்பார் என்னும் மீனவர் ஊர் உள்ளது. முத்துப்பார்களுக்குப் பெயர்பெற்ற கடற்கரை அது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சிப்பியின் உயிரைப் போக்கிப் பெறும் முத்தை நாம் போற்றுவதற்கில்லை. ஆயினும், அத்தொழிலில் இருந்த ஓர் ஒழுங்கு நாம் கற்கத்தக்கது.

குளியாள் கல் கட்டிய கயிற்றின் துணையால் பல பாகம் ஆழம் இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடமே அவர் மூச்சடக்கி நிற்க இயலும். அந்நேரம் முழுவதும் தோணியில் ஒருவர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே இருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும், ‘ஏன்? எதற்கு?’ என்று கேளாமல் மேலே இழுப்பார். மனைவியின் உடன்பிறந்தானே கயிறு பிடிக்கத் தக்கவன் என்பது அக்கரையில் வழங்கும் பேச்சு. தங்கையின் வாழ்வு அக்கயிற்றில் இருப்பதால் அவன் கண்ணயரமாட்டான் என்பது கருத்து.

கயிற்றை அசைத்த குளியாளைக் கோழை என்று எவரும் ஏசுவதில்லை. நம் ஆடவரோ கயிற்றை அசைக்கவே கூசுகின்றனர். கடன், பயிர் இழப்பு, மகளின் திருமணச் செலவு, வேலையின்மை, நோய் ஆகிய சுமைகளைத் தாமே தாங்க வேண்டும் என்றும், கண்ணீர் விடுதல் ஆண்மைக்கு இழுக்கு என்றும் இளமையிலேயே அவர்களுக்குக் கற்பித்துவிடுகிறோம். உடல்நோய்க்கே காலந்தாழ்த்தி மருத்துவரிடம் செல்பவர், மனநோய்க்கு எங்ஙனம் செல்வார்? துன்பத்தை மறக்க மதுவை நாடுவோர் நம் குடும்பங்களில் இல்லை என்று எண்ணியிருத்தலும் தகாது. மது மனச்சோர்வைப் பெருக்கும், நிதானத்தையும் அழிக்கும்.

சல்லேகனை வேறு, தற்கொலை வேறு

ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 10-8-2015 அன்று சல்லேகனையைத் தற்கொலைக்கு நிகராகக் கொண்டு தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 31-8-2015 அன்று அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வழக்குமன்றத்தில் இவ்விரண்டும் வேறு என்று வாதிடும் நாம், அவ்வேற்றுமையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெளிவாக உணர்த்த வேண்டும்.

நீக்க இயலாத இடையூறு, பஞ்சம், முதுமை, தீராநோய் ஆகியவை நேர்ந்தபோதே சல்லேகனைக்கு இடமுண்டு என்று ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வரையறுத்தார். ‘நீக்க இயலாத’ என்னும் அடையே இங்கு உயிர்நாடி. சல்லேகனை ஏற்றவருக்குரிய ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. விரைவில் இறக்க வேண்டும் என விரும்புவதும் அவற்றுள் ஒன்று. இறப்பை விரும்புவதே குற்றமென்றால், துயரத்தின் வேகத்தில் இறப்பைத் தேடிச் செல்வதற்கு நம் நெறியில் இடமேது?

அந்நூலுக்கு உரை கண்ட பூஜ்யபாதர் ஒரு வணிகனை எடுத்துக்காட்டுகிறார். பண்டங்கள் நிறைந்த தன் வீடு அழிவதை வணிகன் விரும்பான். கேடு வந்தால் முதலில் வீட்டைக் காக்கவே முயல்வான். இயலாதபோதுதான் பண்டங்களையேனும் காப்பான். உடம்பு வீடு; விரதங்களும் குணங்களும் பண்டங்கள். காக்கக்கூடிய வீட்டைக் கைவிடுமாறு எந்த ஆசாரியரும் சொன்னதில்லை.

மனச்சோர்வு மருத்துவத்தால் தணியக்கூடிய நோய். ஆதலின் ‘நீக்க இயலாதது’ என்னும் வரையறைக்குள் அது வாராது. சோர்வுற்ற ஒருவர் திடீரென உணவை மறுத்து, அதனை விரதம் என்று கூறுவாராயின், பெரியோர் அதனைப் பாராட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் நோன்பு இருத்தல் ஆகாது.

சமந்தபத்திரர் பெற்ற மறுமொழி

சல்லேகனையின் இலக்கணத்தை வகுத்த அப்பெருமகனாரே ஒருகால் அதற்கு அனுமதி வேண்டினார் என்று மரபு வரலாறு கூறுகிறது. எவ்வளவு உண்டாலும் பசி தணியாத பஸ்மக நோய் அவரைப் பற்றியது. துறவியின் உணவு ஒழுக்கத்தோடு அந்நோய் பொருந்தாது. துன்பம் பொறாமல் அவர் தம் குருவை அணுகினார். குரு இசையவில்லை. அவரால் அறத்திற்கு ஆகவேண்டிய பணி இன்னும் உளது என்று கண்டு, துறவுக் கோலத்தைச் சிலகாலம் விடுத்தேனும் நோயைத் தீர்த்துக்கொண்டு மீளுமாறு பணித்தார். சமந்தபத்திரர் அங்ஙனமே நோய் தீர்ந்து, மீண்டும் துறவேற்று, நமக்குப் பெருநூல்களைத் தந்தார். தமிழில் நாம் ஓதும் அருங்கலச்செப்பு அவரது சிராவகாசாரத்தின் வழிவந்ததே. அன்று குரு ‘உன் வினைப்பயன்’ என்று வாளாவிருந்திருப்பின், நாம் இழந்திருப்பது எத்துணை!

வினைக்கொள்கையை உதவாமைக்குச் சாக்காக்குவோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அசாதா வேதனீயம் துன்பத்தைத் தரலாம். துன்புறுவாரைத் தாங்கும் கடமையை அது நம்மிடமிருந்து நீக்கிவிடாது.

இல்லறத்தார் செய்யத்தக்கவை

1. குறிப்பறிதல்: உறக்கமும் உணவும் குறைதல், கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் வாராமை, மிகுந்த சினம், ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்பது போன்ற பேச்சு, அரிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவை கயிற்றின் அசைவுகள்.

2. நேரே கேட்டல்: ‘அண்ணா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று அன்போடு வினவலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டபின் அறிவுரையைக் குறைத்துச் செவியைக் கொடுக்க வேண்டும்.

3. தனியே விடாமை: ஆபத்து நெருங்கியதாகத் தோன்றினால் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து முதலியவற்றை அவர் அணுக இயலாதவாறு அப்புறப்படுத்துதல் நன்று.

4. மருத்துவம்: அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும், 1986இல் சென்னையில் தொடங்கப்பெற்ற சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் உதவும்.

5. மறைகாத்தல்: உபகூகனம் என்பது ஊரார் வாய்க்கு ஒருவரை இரையாக்காமை. நோயை மருத்துவரிடமிருந்தே மறைப்பது உபகூகனம் ஆகாது.

காவல்துறைக்கு அஞ்சி மருத்துவமனையை நாடாத குடும்பங்கள் உண்டு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் உள்ளவராகவே கருத வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. முயற்சிக்குத் தண்டனை விதித்த பழைய 309ஆம் பிரிவு, 1-7-2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவ்வடிவில் இடம்பெறவில்லை.

இத்துயரால் ஒருவரை ஏற்கெனவே இழந்த குடும்பம் நம் நடுவே இருக்கலாம். இறந்தவர் எக்கதி அடைந்தார் என்பதைக் கேவலியே அறிவார். அதனைப் பற்றித் தீர்ப்புரைத்து அவ்வீட்டாரின் புண்ணைக் கிளறுதல் ஹிம்சையே. அவர்கள் வீட்டுத் திண்ணையில் சென்று அமர்தல் வாத்சல்யம்.

பாடசாலையிலும் இல்லத்திலும் கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. சல்லேகனைக்குக் கூறப்பட்ட ‘நீக்க இயலாத’ என்னும் வரையறை மனச்சோர்வுக்குப் பொருந்தாதது ஏன்?

2. குரு சமந்தபத்திரருக்கு அனுமதி மறுத்ததை ஸ்திதிகரணம் எனலாமா?

3. உபகூகனத்திற்கும் நோயை மறைத்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

4. நம் ஊர் ஜினாலயத்திற்கு முன்பு தவறாது வந்து, சில திங்களாக வாராதிருக்கும் ஆடவர் யார்? அவரை இவ்வாரம் சென்று காணப்போவது நம்முள் யார்?

அறம் வளர்க! அனைத்துயிரும் நலம் பெறுக!