வீட்டு மெயின் பாக்ஸ்: மழைக்கு முன்னும் பனிக்கு முன்னும் ஒரு சோதனை



மதீனாவில் ஒரு வீடு இரவில் தீப்பற்றியதைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள், உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி அறிவுறுத்தினார்கள். இது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. இன்று நம் வீடுகளில் திரி விளக்கு இல்லை. ஆனால் நாம் உறங்கும்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும் மெயின் பாக்ஸ் சுவரில் இருக்கிறது.

நீலகிரியில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் சுவர் காயாது. ஈரம் இறங்கினால் பெட்டிக்குள் திருகுகள் துருப்பிடிக்கும், இணைப்பு தளரும். தளர்ந்த இடம் சூடாகி வயரின் உறை கருகும். பனிக்காலத்தில் ஹீட்டர், கீசர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒன்றாக ஓடும். 2000 வாட் ஹீட்டர் ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். மரக்கூரை வீடுகளில் தீ பரவ அதிக நேரம் ஆகாது.

"எம்.சி.பி. இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று பலர் கேட்கிறார்கள். அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால்தான் எம்.சி.பி. விழும். தளர்ந்த திருகு சூடாவது அதற்குத் தெரியாது. ஷாக்கிலிருந்து காப்பதும் அதன் வேலையன்று. அதற்கு ஆர்.சி.சி.பி. வேண்டும். உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இல்லையென்றால் அது நொடிக்குள் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்த வேண்டும். தமிழ்நாட்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-ல் இதைக் கட்டாயமாக்கியது.

நீங்களே பார்க்க வேண்டியவை (மூடியைக் கழற்றாமல்):

1. கருகிய வாடை, "ஸ்ஸ்" என்ற ஓசை, மூடியில் பழுப்பு நிறம், சூடு.
2. பெட்டியின் மேல் நீர்க்கசிவு. எறும்பு, பல்லி நுழையும் ஓட்டை.
3. மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் 'டி' பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.
4. பழைய ஃபியூஸ் கட்டையில் சரியான ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பி கட்டியிருந்தால் ஆபத்து.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியவை: திருகுகளை முடுக்குதல், வயரின் உறையைச் சோதித்தல், எர்த் அளவு பார்த்தல். ஜனவரி முதல் மார்ச் வரை மண் காயும்போது எர்த் பலவீனப்படும். குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

வாடகை வீடானால் உரிமையாளரிடமும், எஸ்டேட் லைன் வீடானால் நிர்வாகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். மீட்டரிலோ வெளிக் கம்பியிலோ குறை என்றால் நீங்கள் தொடாதீர்கள். மின்னகம் 94987 94987 என்ற எண்ணுக்கு எந்நேரமும் சொல்லலாம். பெட்டியில் புகை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, முதலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே கொண்டுவாருங்கள். தீயணைப்புத் துறைக்கு 101.

மே மாதத்தில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் மூத்தவர்களின் வீட்டையும் அன்றே பார்த்துவிடுங்கள். அதுவும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமையே.