காசு செலவில்லாமல் ஆள் தேட எந்தத் தளம்?

கோவையில் பத்துப் பதினைந்து பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவருக்கு ஒரே வாரத்தில் இருவர் தேவைப்படலாம்: ஒரு சிஎன்சி ஆப்பரேட்டர், டேலியும் ஜிஎஸ்டியும் தெரிந்த ஒரு கணக்கர். பலரும் இரண்டு விளம்பரத்தையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். ஆப்பரேட்டரிடம் பெரும்பாலும் பயோடேட்டா இருக்காது, போன் மட்டும்தான். கணக்கரோ பிடிஎஃப் தயாராக வைத்திருப்பார். எந்த இலவசத் தளத்துக்குப் போவது என்பதை முதலில் இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆப்பரேட்டருக்கு வாட்ஸ்அப்தான் என் முதல் தேர்வு. ஐடிஐ பழைய மாணவர்கள், பட்டறைக்காரர்கள், ஊர்க்காரர்கள் என்று குழுக்களுக்குப் பஞ்சமில்லை. அறிவிப்பு போட்ட அன்றே போன் வரும். தொல்லையும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. கைமாறிப் போன படத்தை யாராலும் திருத்த முடியாது, திரும்பப் பெறவும் முடியாது. தேதி போடாத 'ஆள் தேவை' படம் மாதக்கணக்கில் சுற்றும். இடம் நிரம்பிய பிறகும் ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கூப்பிடுவார். ஆகவே படத்திலேயே வெளியிட்ட தேதி, கடைசி தேதி, ஷிப்ட் நேரம், நேரில் வரவேண்டிய நேரம் எல்லாம் இருக்கட்டும். சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். தனி சிம் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தானாகப் போகும் பதிலை எழுதி வைத்தால் பாதி அழைப்பு குறையும்.

படித்து முடித்த கையோடு வேலை தேடுகிறவர்கள் போதுமென்றால் அரசுத் தளங்கள் நல்லவை. மத்திய அரசின் என்சிஎஸ் தளம் 2015 ஜூலையில் வந்தது. தமிழ்நாடு அரசு தனியார் துறை வேலைகளுக்கென்று 2020-இல் ஒரு தளத்தைத் தொடங்கியது. இரண்டிலும் வேலை தருகிறவருக்கும் கட்டணமில்லை, தேடுகிறவருக்கும் கட்டணமில்லை. நிறுவனத்தைப் பதிவு செய்ய ஒரு மதியம் போகும், அவ்வளவுதான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களையும் விசாரித்து வையுங்கள். ஆனால் பத்து வருஷம் மெஷின் ஓட்டியவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

கணக்கருக்கு லிங்க்ட்இன் பார்க்கலாம். அங்கே ஒரு நேரத்தில் ஒரு விளம்பரம்தான் இலவசம். அதை ஆப்பரேட்டருக்குச் செலவழிக்க வேண்டாம். ஒரு தட்டலில் விண்ணப்பித்துவிடலாம் என்பதால் ஊர் பேர் பார்க்காமல் அனுப்புகிறவர்களும் வருவார்கள். "தினமும் குறிச்சி சிட்கோவுக்கு வந்து போக முடியுமா?" என்று விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி வைத்தால் கூட்டம் வடிகட்டப்பட்டு வரும்.

சொந்த இணையதளம் வைத்திருப்பவர்கள் கூகுளை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பக்கம் வைத்து, பதவி, ஊர், சம்பளம், வெளியிட்ட தேதி, கடைசி தேதி ஆகியவற்றைக் கூகுள் கேட்கும் குறியீட்டு வடிவில் சேர்த்தால், அதன் வேலைத் தேடலில் காசில்லாமல் வர வாய்ப்புண்டு. தளம் வடிவமைத்தவருக்கு இது சின்ன வேலை. ஆள் கிடைத்ததும் பக்கத்தை எடுத்துவிட வேண்டும். முடிந்துபோன வேலைகளைத் தொங்கவிடுவதைக் கூகுள் விரும்புவதில்லை.

பொதுவாக, காசு கொடுத்த விளம்பரங்கள் மேலே நிற்க, இலவசமாகப் போட்டது சில நாளில் கீழே இறங்கிவிடும். அந்தச் சில நாளில் தலைப்புதான் ஆளை இழுக்கிறது. 'அரிய வாய்ப்பு' என்பதை யாரும் தேடுவதில்லை. 'சிஎன்சி டர்னிங் ஆப்பரேட்டர், பேனக் கன்ட்ரோல், குறிச்சி சிட்கோ' என்பதைத் தேடுவார்கள். 'சம்பளம் தகுதிக்கேற்ப' என்பதும் வேண்டாம். நல்ல வேலைக்காரர் அதைக் குறைந்த சம்பளம் என்றே படிப்பார். இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று எழுதிவிட்டால், கட்டுப்படியாகாதவர் போன் செய்து உங்கள் நேரத்தைத் தின்ன மாட்டார்.

'வேலைக்குப் பணம் வாங்குவதில்லை' என்ற வரியும் கட்டாயம் வேண்டும். கம்பெனிப் பெயரைப் போட்டுப் பதிவுக் கட்டணம் கறப்பவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு வாரமாகியும் டிராயிங் பார்க்கத் தெரிந்த ஒருவர்கூட வரவில்லை, மெஷின் சும்மா நிற்கிறது என்றால், அந்த ஒரு பதவிக்கு மட்டும் காசு கொடுத்து விளம்பரம் போடுங்கள். கணக்கர் தேடல் இலவசத்திலேயே ஓடட்டும்.