பத்து டாலர் டிக்கெட், பத்து மாத ஆயுள்

கேள்வி: கரீபியன் தீவுகள் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன? அங்கே பத்து டாலர் டிக்கெட்டோடு வந்த ரெட்ஜெட் விமான நிறுவனம் ஏன் நிலைக்கவில்லை? கட்டணத்தைக் குறைத்ததுதான் தப்பா?
– வாசகர், திருச்சி

பதில்: கட்டணத்தின் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். வெஸ்ட் இண்டீஸை ஒரே கிரிக்கெட் அணியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். விமானத்துக்கு அது ஒரே நாடு அல்ல. பார்படோஸிலிருந்து டிரினிடாட் ஏறக்குறைய சென்னையிலிருந்து உங்கள் ஊர் இருக்கிற தூரம்தான். ஆனாலும் வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், சுங்கம் எல்லாம் உண்டு. விமானம் இறங்க அந்த அரசின் அனுமதியும் வேண்டும்.

ரெட்ஜெட் மாட்டிக்கொண்டது இங்கேதான். பார்படோஸைத் தளமாக வைத்து 2011 மே மாதம் கயானாவுக்குப் பறக்கத் தொடங்கியது. ஆனால் கூட்டம் உள்ள டிரினிடாடும் ஜமைக்காவும் உடனே கதவைத் திறக்கவில்லை. பழைய எம்.டி-80 ரக விமானங்களின் பாதுகாப்பைப் பற்றி டிரினிடாட் கேள்வி எழுப்பியது. அனுமதி வருவதற்குள் மாதங்கள் ஓடின. மலிவு விமான நிறுவனம் பிழைப்பதே விமானத்தை ஓயவிடாமல் ஓட்டுவதில்தான். நின்றால் வாடகையும் சம்பளமும் கையைக் கடிக்கும்.

பழைய விமானம் வாடகைக்கு மலிவு, எரிபொருளுக்குப் பகாசுரன். அந்த வருஷம் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டியிருந்தது. போட்டியாளரான கரீபியன் ஏர்லைன்ஸுக்கோ டிரினிடாட் அரசின் எரிபொருள் மானியம். விளம்பரத்தில் வந்த 9.99 டாலரும் வரிக்கு முந்தைய கட்டணம். விமான நிலையக் கட்டணங்கள் சேர்ந்ததும் தொகை எங்கேயோ போய்விடும். அந்தக் கூடுதலில் ஒரு காசுகூட நிறுவனத்துக்கு வராது.

கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பார்படோஸின் மக்கள்தொகையே மூன்று லட்சத்துக்குள். அங்கே சுமார் 150 இருக்கைகளை நாள்தோறும் நிரப்புவது லேசுப்பட்ட காரியமா? 2012 மார்ச் 16 அன்று ரெட்ஜெட் பறப்பதை நிறுத்தியது, ஜூனில் திவால்.

அதே வானத்தில் 1956 முதல் ஓடிய லியட் விமான நிறுவனம், ஐம்பது பேர் ஏறும் டேஷ்-8 விமானங்களை வைத்துத் தீவு தீவாகத் தாவியது. ‘லீவ் ஐலண்ட் எனி டைம்’ என்று அதன் பெயருக்கு விரிவு சொல்லிக் கேலி செய்துகொண்டே ஜனங்கள் ஏறினார்கள். நஷ்டம் வந்தபோதெல்லாம் பங்குதாரர்களான அரசுகள் தாங்கிப் பிடித்தன. 2020இல் கொரோனா வந்தபோது அதையும் கலைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது.