கிணறும் படமும்
புவித்தகவல் முறை பற்றிய ஒரு பாடம்

நமது சங்கங்களில் நெசவாளரும் உளர், உழவரும் உளர். ஒரே குடும்பத்தில் தமையன் தறியிலும் தம்பி ஏரிலும் இருக்கக் காண்கிறோம். ஆயினும் சாயக் கழிவுநீரைப் பற்றிய பேச்சு எழுந்த மாத்திரத்தில், ஒரே பாயில் அமர்ந்திருந்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து விடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்றிருந்த ஒரு பொதுக்குழுவிலும் இதுவே நிகழ்ந்தது. “என் கிணறு கெட்டதற்குச் சாயப்பட்டறையே காரணம்” என்றார் ஒரு விவசாயி. “ஐயா, பட்டறை வருமுன்பே உங்கள் கிணற்று நீர் உப்புத்தான்” என்றார் சாயத்தொழில் புரியும் மற்றோர் அங்கத்தினர். இருவரும் பொய்யுரைப்பவர் அல்லர். ஆனால் இருவர் கையிலும் சான்று இல்லை.

அங்கத்தினர்களின் விருப்பப்படி 14 கிணறுகளின் நீரைச் சோதிக்க நானே ஏற்பாடு செய்தேன். அதில் ஒரு பெரும் பிழையும் செய்தேன். புட்டிகளின் மேல் உரிமையாளரின் பெயரை மட்டுமே எழுதி வைத்தேன். ஒரே பெயருடையார் இருவர் இருந்தனர். ஒருவருக்கே மூன்று கிணறுகள் இருந்தன. முடிவுகள் வந்தபோது எந்த எண் எந்தக் கிணற்றுக்கு உரியது என்று எவராலும் கூற இயலவில்லை. அளவு இருந்தது, இடம் இல்லை. சங்கத்தின் பணமும் உழைப்பும் வீணாயின.

இடத்தையும் அளவையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் முறையே இன்றைய பாடம். இதற்குப் புவித்தகவல் முறை என்று பெயர். அலுவலகங்களில் ஜி.ஐ.எஸ். என்பர்.

படமும் பதிவேடும்

பெயரைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. நிலமுடைய ஒவ்வொருவரும் இதன் இரு பகுதிகளையும் முன்பே அறிவர். புலப்படத்தில் வயலின் எல்லையும் அளவும் உள்ளன. அடங்கலில் பயிர், பரப்பு, பாசனம் முதலிய விவரங்கள் உள்ளன. இவ்விரண்டையும் இணைப்பது சர்வே எண். புவித்தகவல் முறையும் இவ்வாறே படத்தையும் பதிவேட்டையும் ஓர் எண்ணால் முடிந்து வைக்கிறது. “ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள், கிணற்றுப் பாசனத்தில் மஞ்சள் பயிரான புலங்கள் எவை?” என்று வினவினால், பதிவேட்டைப் புரட்டி நாம் பல நாள் தேட வேண்டியதைக் கணினி நொடியில் படத்தில் காட்டிவிடும்.

1960-களில் கனடா நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுக்கும் பொருட்டு ரோஜர் டாம்லின்சன் என்பார் இம்முறையைக் கணினியில் முதன்முதலாக அமைத்தார். அன்று அரசாங்கங்களே வாங்கத்தக்கதாய் இருந்தது, இன்று கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

கோடும் கட்டமும்

படத்தில் பொருள்களைக் குறிக்க இரு வழிகள் உள. முதல் வழியில் கிணறு ஒரு புள்ளி. வாய்க்கால் ஒரு கோடு. வயல் ஓர் அடைபட்ட பரப்பு. இரண்டாம் வழி நெசவாளருக்கு நன்கு பழக்கமானது. ஜக்கார்டு தறிக்கு மாங்காய்ப் புட்டாவைக் கட்டம் போட்ட தாளில் எழுதுகிறோம் அல்லவா? ஒவ்வொரு கட்டமும் நிரப்பியதாகவோ வெறுமையாகவோ நிற்க, தொலைவில் பார்க்கும்போது புட்டா தோன்றுகிறது. செயற்கைக்கோள் எடுக்கும் படமும் இத்தகைய கட்டங்களின் தொகுதியே. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் கட்டம் 30 மீட்டர் சதுரம். சென்டினல்-2 செயற்கைக்கோளின் நுண்ணிய கட்டம் 10 மீட்டர் சதுரம். ஆகவே ஓர் ஏக்கர் வயல் முன்னதில் நான்கைந்து கட்டங்களாகவும், பின்னதில் ஏறத்தாழ 40 கட்டங்களாகவும் தோன்றும். கட்டம் சிறிதாயின் புட்டா தெளிவாகும் என்பது நெசவாளர் அறிந்ததே.

அடுக்கிப் பார்த்தல்

ஆறு ஒரு தாளிலும், பட்டறைகள் ஒரு தாளிலும், கிணறுகள் ஒரு தாளிலும், நிலத்தின் மேடு பள்ளம் ஒரு தாளிலும் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். தாள்கள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவனவாயின், ஒன்றன்மேல் ஒன்றை வைத்ததும் எந்தக் கிணறு எந்த வாய்க்காலின் அருகே, எந்தப் பட்டறைக்குக் கீழ்மடையில் உள்ளது என்பது புலனாகும். இம்முறையின் உயிர்நிலை இதுவே.

நொய்யல் தரும் படிப்பினை

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலப்பது நொய்யல் ஆறு. பாசனத்திற்கென இதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் முடிக்கப்பட்டது. பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்கு உப்பு மிகுதியாகத் தேவை. அவ்வுப்பு நூலில் தங்குவதில்லை; கழிவுநீரோடு வெளியேறுகிறது. பயிருக்கு நீர் தர எழுந்த அணையில் சாயக்கழிவே தேங்கிற்று. சுற்றிலுமுள்ள கிணறுகளும் நிலங்களும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பகுதியின் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீர் சிறிதும் வெளியேறாத ஏற்பாட்டைச் செய்த பட்டறைகள் பின்னர் மீண்டும் இயங்கின. உழவர் நிலத்தை இழந்தனர். தொழிலாளர் வேலையின்றித் தவித்தனர். காலத்தே அளந்து அறிந்து திருத்தாமையின் நஷ்டம் இரு சாராருக்கும் பொதுவாயிற்று.

விண்ணிலிருந்து தெரிவதும் தெரியாததும்

செழித்த இலை சிவப்பொளியை உட்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டின் வேறுபாட்டைக் கொண்டு பயிரின் பசுமையைச் செயற்கைக்கோள் அளக்கிறது. ஏரியின் நீர்ப்பரப்பு சுருங்குவதும் ஆகாயத்தாமரை படர்வதும் அதற்குத் தெரியும். ஆனால் கிணற்றுநீரின் உப்பு அதற்குத் தெரியாது. பயிர் வாடியது உப்பினாலா, வறட்சியாலா, பூச்சியாலா என்பதையும் அது கூறாது. வானத்துப் படம் ஐயத்தை எழுப்பும். தீர்ப்பது தரையில் நடந்து எடுக்கும் அளவேயாகும்.

சங்கம் செய்யத்தக்கவை

1. ஒவ்வொரு கிணற்றுக்கும் தனி எண் கொடுத்துச் சுவரில் எழுதுக. உரிமையாளர் மாறினும் எண் மாறலாகாது.

2. கைப்பேசியில் காணும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறிக்க. அது சில மீட்டர் பிழைபடக்கூடுமாதலின் சர்வே எண்ணையும் சேர்த்து எழுதுக.

3. கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவியால் கோடையில் ஒரு முறையும், மழைக்குப் பின் ஒரு முறையும் அளக்க. தேதியையும் நீர்மட்ட ஆழத்தையும் விடலாகாது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடையாத இடத்தும் 2000-ஐக் கடக்கலாகாது.

4. பட்டறைக்குக் கீழ்மடைக் கிணறுகளை மட்டுமன்றி, மேல்மடைக் கிணறுகளையும் அளக்க. கீழே மட்டும் உப்பு மிகுந்தால் ஐயம் வலுப்படும். மேலும் கீழும் ஒத்திருந்தால் பாறையோ, உரமோ, நீரை மிகுதியாக இறைத்ததோ காரணமாகலாம்.

முன் சொன்ன சங்கத்தில் மறு ஆண்டு இவ்வாறே அளந்தோம். சாயத்தொழில் அங்கத்தினர் கருவியைப் பிடித்தார். விவசாயி எண்ணைப் பதிந்தார். படத்தை விரித்தபோது ஓடையை ஒட்டிய கீழ்மடைக் கிணறுகளில் உப்பு மிகுந்து காணப்பட்டது. ஆயின் கழிவுநீர் ஏறவே இயலாத மேட்டுக் கிணறு ஒன்றும் உப்பாகவே இருந்தது. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஆனால் அவ்விவசாயியின் கிணறு பட்டறை வருமுன் எவ்வாறு இருந்தது என்ற வினாவுக்குப் படம் விடை தரவில்லை; அக்காலத்தில் எவரும் அளந்து எழுதி வைக்கவில்லை.

இன்று எழுதி வைக்கும் எண்ணே, நாளை நம் மக்கள் வழக்காடும்போது சாட்சி கூறும். வரவு செலவை நாள்தோறும் எழுதும் சங்கம், தன் ஊர் நீரின் கணக்கையும் எழுதத் தொடங்குதல் வேண்டும். வரும் கோடைக்குள் ஒவ்வொரு சங்கமும் தன் கிணற்றுப் படத்தைத் தொடங்குமாக.