ஈன்ற பசுவின் கருப்பை அழற்சியும் மாற்றுச் சிகிச்சை முறைகளும்

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்களாகும். எனவே கன்று ஈன்று 85 நாட்களுக்குள் மீண்டும் சினைப்படும் பசுவே ஆண்டுக்கொரு கன்று தரும். மூன்று நான்கு முறை சினைப்படுத்தியும் தங்காத பசுவை மலடு என்று முடிவுசெய்து இறைச்சிக்கு விற்றுவிடுவோர் பலர். இவ்வாறு விற்கப்படும் பசுக்களுட் பல உண்மையில் மலடல்ல. ஈன்ற நாட்களிற் கருப்பையிற் புகுந்த கிருமிகள் நீங்காமையே அவற்றின் குறையாகும்.

கன்று ஈனும்போது கருப்பையின் வாய் திறந்திருப்பதால், முதல் இரு வாரங்களில் ஏறக்குறைய எல்லாப் பசுக்களின் கருப்பையிலும் பற்றீரியாக்கள் புகுகின்றன. பெரும்பாலான பசுக்கள் அவற்றைத் தாமாகவே வெளியேற்றிவிடும். இரண்டு மூன்று வாரம் வரை, கெட்ட நாற்றமின்றிச் செங்கபில நிறமாக வடியும் நீர் நோயன்று. இதைக் கண்டு அஞ்சிக் கருப்பைக்குள் மருந்து செலுத்துவிப்பது வீண் செலவாகும். அம்மருந்தின் பொருட்டுப் பாலையும் கொட்ட நேரிடும்.

நோயெனக் கொள்ளத்தக்கவை மூன்று நிலைகள். முதலாவது, ஈன்று மூன்று வாரத்துள், பெரும்பாலும் முதற் பத்து நாட்களில், நீர்த்த துர்நாற்றமான வடிதலுடன் காய்ச்சல் காணுதல். உடல் வெப்பம் 39.5 பாகை செல்சியசுக்கு மேற் செல்லும்; பசு தீனெடாது; பால் குறையும். இந்நிலையில் மாற்று முறை எதையும் நாடாது அன்றைக்கே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். இங்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி உயிர் காப்பது. அதனை வைத்தியர் குறித்த நாள்வரை நிறுத்தாது கொடுப்பித்து, அவர் கூறிய காலம் முடியும்வரை பாலை விற்காதிருத்தல் வேண்டும். இரண்டாவது, மூன்று வாரம் கடந்த பின்னும் சீழ் வடிதல். பசு நன்றாகத் தின்னும், பாலும் தரும். சினை மட்டும் தங்காது. மூன்றாவது, கருப்பையினுள்ளே சீழ் தேங்கி வேட்கையே வராது நிற்றல். வேட்கை காணாமையாற் பசு சினையென்று நம்பி, மாதக்கணக்கிற் காத்திருந்து ஏமாந்த வீடுகள் உண்டு. சினைப்படுத்திய இரண்டு மூன்று மாதத்திற் சோதிப்பித்தால் இவ்வேமாற்றம் நேராது.

மாற்று முறைகளைப் பற்றிய பேச்சு பின்னிரு நிலைகளுக்கே உரியது. முன்னாளில் இத்தகைய பசுவின் கருப்பைக்குள் அயடீன் கரைசலோ நுண்ணுயிர்க்கொல்லியோ செலுத்துவதே வழக்கமாயிருந்தது. கடுமையான அயடீன் கரைசல் கருப்பையின் உட்சவ்வை எரித்துப் புண்ணாக்கும். நுண்ணுயிர்க்கொல்லிகளுட் சில சீழ் நிறைந்த இடத்தில் நன்கு வேலை செய்வதில்லை. அவை பாலிற் கலப்பதும், தேவையின்றிப் பயன்படுத்துவதாற் கிருமிகள் அவற்றுக்கு அடங்காது போவதும் வேறு கேடுகள்.

கருப்பையைத் துப்புரவாக்கும் சிறந்த வழி வேட்கையே. வேட்கைக் காலத்திற் கருப்பை வாய் திறக்கும். தசை சுருங்கிச் சீழை வெளித்தள்ளும். கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களும் திறமாக வேலை செய்யும். வேட்கைக்குப் பின்னர் சூலகத்தில் உண்டாகும் மஞ்சட் சடலம் சுரக்கும் ஓமோன் இவற்றையெல்லாம் அடக்கிவிடுகிறது. புரோசுத்தாகிளாண்டின் என்னும் ஊசி அம்மஞ்சட் சடலத்தைக் கரைத்து, இரண்டு முதல் ஐந்து நாட்களில் வேட்கையை வருவிக்கும். சீழ் தேங்கிய பசுவுக்கு இதுவே முதன்மையான சிகிச்சை. ஆயினும் மஞ்சட் சடலம் இல்லாத பசுவில் இது பயன் தராது. சினைப்பசுவுக்குப் போட்டாற் கரு சிதையும். ஆகையால் வைத்தியர் கையிட்டுச் சோதித்த பின்னரே போடுதல் வேண்டும். இம்மருந்து தோலூடாகவும் உடலிற் புகும். கர்ப்பிணிகளும் தொய்வு நோயுடையோரும் இதனைத் தொடுதலாகாது.

இவ்வாறு வந்த வேட்கையிற் சீழ் கலந்திருந்தாற் சினைப்படுத்த வேண்டாம். அடுத்த வேட்கை ஏறத்தாழ 21 நாளில் வரும். அப்போது கோழை முட்டை வெண்கருப் போலத் தெளிந்திருந்தாற் சினைப்படுத்தலாம். சீழ் வடியும் பசுவை ஊர் நாம்பனிடம் கொண்டுசெல்வது அயலவரின் பசுக்களுக்குத் தீங்கு செய்வதாகும்.

குதிரை வளர்க்கும் நாடுகளிற் பெண்குதிரையின் கருப்பையை இளஞ்சூடான உப்பு நீராற் கழுவி, ஒட்சிற்றோசின் ஊசி போட்டு நீரை வடியச் செய்வர். குதிரையின் கருப்பை வாய் நெகிழ்வானது. ஆதலால் இது அங்கு எளிது. பசுவின் கருப்பை வாயோ வளையம் வளையமாக இறுகியது. உட்சென்ற நீர் திரும்பி வராது தங்கிவிடும். ஒட்சிற்றோசினும் பசுவில் ஈன்ற இரண்டொரு நாட்களிலேயே நன்கு வேலை செய்யும். செறிந்த குளுக்கோசுக் கரைசலைக் கருப்பையிற் செலுத்தும் முறை சோதிக்கப்பட்டுள்ளது. பலன் ஒரு சீராக இல்லை. வேப்பெண்ணெய், மஞ்சள் நீர் முதலியவற்றை வீட்டிலே குழாய் வைத்துச் செலுத்துவது ஒருபோதும் கூடாது. குழாயோடு புதுக் கிருமிகளும் உட்செல்லும். கருப்பை துளைபடவுங் கூடும்.

கமக்காரர் தாமே செய்யத்தக்கது ஈன்ற நாளிலேயே உள்ளது. ஈனும் இடத்திற் காய்ந்த புது வைக்கோல் பரப்புக. கன்றை இழுக்க நேர்ந்தாற் கைகளையும் பசுவின் பின்புறத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவுக. இளங்கொடி பெரும்பாலும் 12 மணி நேரத்துள் விழும். ஒரு நாள் கடந்தும் விழாவிட்டால் அதனை இழுப்பதும், கல்லையோ பழஞ் செருப்பையோ அதிற் கட்டுவதும் ஆகா. பலவந்தமாக இழுத்தாற் கருப்பையின் உட்சவ்வு கிழியும். அக்கிழிசலே கிருமிக்கு வாசலாகும். வைத்தியருக்கு அறிவித்துவிட்டுப் பத்து நாட்களுக்குக் காலைதோறும் வெப்பமானி வைத்துப் பார்த்து வருக. காய்ச்சலின்றித் தீனெடுக்கும் பசுவிற் கொடி சில நாட்களில் அழுகித் தானே விழும்.

விழுந்த கொடியை உமலிலோ சாக்கிலோ கட்டி ஆலமரத்திற் தொங்கவிட்டாற் பால் பெருகும் என்பது எம்மவர் வழக்கம். இவ்வழக்கத்தை நான் எள்ளி நகையாட வரவில்லை. நாய் தின்னாமற் காப்பதும் அதன் நோக்கமாயிருந்திருக்கலாம். ஆனால் தொங்கும் மூட்டையிலிருந்து ஒழுகும் நீர் புல்லில் விழும். காகம் கொத்திப் பரப்பும். கொடி தங்குவதும், சினைக்காலத்தின் பிற்பகுதியிற் கரு சிதைவதும் புரூசெல்லோசிசு நோயின் அறிகுறிகளாயிருத்தல் கூடும். அந்நோய் மனிதரையும் பற்றி, விட்டு விட்டுக் காயும் நெடுங்காய்ச்சலையும் மூட்டு வலியையும் தரும். ஆதலாற் கொடியை வெறுங்கையாற் தொடாது, உறையணிந்தோ பொலித்தீன் பையைக் கையிற் சுற்றியோ எடுத்து, கிணற்றுக்குத் தொலைவில் நாய் கிளறாத ஆழத்திற் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும். கருச்சிதைந்த பசுவின் குருதியைச் சோதிப்பிக்கும்படி மிருக வைத்திய அலுவலகத்திற் கேட்டுக்கொள்க. முடிவு தெரியும்வரை அப்பசுவை ஏனையவற்றிலிருந்து பிரித்துக் கட்டி, வீட்டிற் பாலைப் பொங்கக் காய்ச்சியே குழந்தைகளுக்குக் கொடுக்குக.