போதையில் சிக்கிய பிள்ளையும் துவையல் தவசு தரும் பாடமும்

கலி ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு வேடத்தில் வரும். இன்று அது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில், சட்டைப் பையில் அடங்கும் சிறு பொட்டலமாக வந்து நிற்கிறது. பிள்ளைகள் அதைக் ‘கூல் லிப்’ என்கிறார்கள். அது புகையிலை அடைத்த சிறு பை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்தால் வகுப்பில் இருக்கும்போதே போதை ஏறும். புகை வராததால் ஆசிரியருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் குட்கா, பான்மசாலா போன்றவற்றுக்கு 2013 முதல் தடை உண்டு. இருந்தும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்தப் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியிருப்பதைக் கவலையோடு எடுத்துச் சொல்லும் நிலை வந்தது. இதோடு நிற்காமல் கஞ்சாவுக்கும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் கொடுமைக்கும் போகிற பிள்ளைகளும் உண்டு.

போதை உடலில் செய்யும் வேலை

மனித மூளை முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகும். நல்லது கெட்டது சீர்தூக்கி, ஆசையை அடக்கும் முன்மூளைதான் கடைசியாக முதிர்கிறது. ஆகவே 14, 15 வயதில் போதையைத் தொடும் பிள்ளை, பெரியவரைவிட விரைவாக அதற்கு அடிமையாகிறது. வீட்டார் இதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கடிவாளம் முதிருமுன்னே குதிரை மிரண்டுவிடுகிறது.

வாயில் ஒதுக்கும் புகையிலை ஈறை அரிக்கும். வாயில் வெள்ளைப் படலத்தை உண்டாக்கும். நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடும். பாக்கு கலந்ததை மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்சதை இறுகி, வாயை அகலத் திறக்க முடியாமல் போகும். கஞ்சா நினைவாற்றலையும் கவனத்தையும் குறைக்கும். இளவயதில் தொடங்கி அடிக்கடி பிடிப்பவருக்கு, இல்லாத குரல் கேட்பதும் வீண் சந்தேகம் கொள்வதுமான மனநோய் வரும் அபாயம் அதிகம். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் மூச்சே நின்றுபோகலாம். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவும்.

அறிகுறிகள்

மதிப்பெண் சட்டென்று குறைவது, பழைய நண்பர்களை விட்டுப் புதிய கூட்டம் சேர்வது, வீட்டில் சிறு சிறு தொகை காணாமல் போவது, கண் சிவந்திருப்பது, தூக்கமும் சாப்பாடும் தாறுமாறாவது, எந்நேரமும் வாயில் புதினா மணம், கேட்டால் எரிந்து விழுவது. இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. பல சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் அசட்டையாக இருக்கவும் கூடாது.

துவையல் தவசு

அய்யா வைகுண்டர் தம் மக்களை வாகைப்பதியில் துவையல் தவசுக்கு அமர்த்திய வரலாற்றை அன்புக்கொடி மக்கள் அறிவார்கள். 700 குடும்பத்தார் கடற்கரையில் கூடி, துணி துவைத்து, நாள்தோறும் குளித்து, அரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கி உண்டு, ஒரே ஒழுங்கில் வாழ்ந்தார்கள். பழக்கத்தில் தாழ்ந்தவன் இவன் என்று ஒருவனைப் பிரித்துத் தனியே நிறுத்தி, அவனை மட்டும் துவைக்கச் சொல்லவில்லை. குடும்பம் குடும்பமாகவே தவசு இருந்தார்கள். பழைய வாழ்வை விட்டுப் புதிய வாழ்வுக்கு வர, போதனையோடு கூட்டு ஒழுங்கும் வேண்டியிருந்தது.

போதையில் சிக்கிய பிள்ளைக்கும் இதுவே வழி. “அவன் திருந்தட்டும்” என்று வீடு ஒதுங்கி நின்றால் பிள்ளை தனியே போராடித் தோற்கும். மகனிடம் காசு கொடுத்துப் பீடி வாங்கிவரச் சொல்லும் தந்தை, கடைக்காரருக்கும் மகனுக்கும் தாமே பழக்கம் ஏற்படுத்திக் கொடுக்கிறார். பள்ளியறைக் கண்ணாடியின் முன் நிற்கையில் முதலில் தெரிவது நம் முகமே. பிள்ளை புகையிலையை விடும் நாளில் தந்தை பீடியையும் குடியையும் விட்டால், அந்த வீட்டில் தவசு தொடங்கிவிட்டது என்று பொருள்.

பெற்றோர் செய்ய வேண்டியது

தெரிந்த அன்றே அடிப்பதும், வீட்டைவிட்டு விரட்டுவதும், ஊரார் முன் திட்டுவதும் பிள்ளையை அந்தக் கூட்டத்தோடு இன்னும் இறுக்கிக் கட்டிவிடும். கோபம் தணிந்த பிறகு, தனியே அமர்த்தி, “மக்களே, என்ன நடந்தாலும் அம்மாகிட்ட சொல்லு, சேர்ந்து பார்த்துக்கலாம்” என்று கேட்கும் தாயிடம் பிள்ளை வாய் திறக்கும். எது, எப்போது முதல், யார் கொடுத்தது என்பதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அடுத்தபடி மருத்துவம். பதியில் வாங்கும் நாமமும் பதமும் மனத்துக்கு உறுதி தரும். அதோடு மருத்துவரிடம் போவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14446 என்ற எண் போதை மீட்புக்கும், 14416 மனநல ஆலோசனைக்கும் உரிய இலவசத் தொலைபேசி எண்கள். அறையில் பூட்டி வைத்துப் போதையை நிறுத்த முயல்வதும், சோற்றில் தெரியாமல் பொடி கலந்து கொடுப்பதும் உயிருக்கே ஆபத்தாகலாம். புகையிலையை விடுகிறவருக்கு முதல் 3 நாள் மிகக் கடினம். எரிச்சலும் தூக்கமின்மையும் 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் தணியும். அந்த நாட்களில் பிள்ளையின் கோபத்துக்குக் கோபத்தால் பதில் சொல்லாதிருப்பதே பெற்றோரின் பொறுமைத் தவம்.

பிள்ளைக்கு விற்றவரைச் சும்மா விடவும் கூடாது. 18 வயது நிறையாதவருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 10581 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

மறுபடி வழுக்கினால்

விட்ட பிள்ளை மறுபடி தொடுவது உண்டு. அதை வைத்து எல்லாம் வீண் என்று முடிவு கட்டலாகாது. வெள்ளைத் துணியும் ஒரே துவையலோடு நின்றுவிடுவதில்லை. அழுக்குப் படும்போதெல்லாம் துவைக்கிறோம். வழுக்கிய பிள்ளையை மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். வீட்டின் ஒழுங்கை மறுபடி தொடங்க வேண்டும்.

நிழல் தாங்கல்களுக்கும் இதில் கடமை உண்டு. மாலை உகப்படிப்பு முடிந்ததும் இளையவர் கூடிப் பேசவும் விளையாடவும் ஓர் இடம் இருந்தால், பெட்டிக்கடை வாசலுக்கு ஆள் குறையும். போதையிலிருந்து மீண்டுவரும் பிள்ளையைச் சாடை பேசாமல், பணிவிடையில் ஒரு வேலையை நம்பி ஒப்படைத்தால் அவன் நிமிர்வான். தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்துவது தர்மம் என்றால், அந்தத் தர்மத்துக்கு முதல் உரிமை நம் வீட்டுப் பிள்ளைக்கே.

அய்யா உண்டு.