மனதில் இல்லாத எண்

2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்குமேல் வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் உலகமெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோயின. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை தவறிப்போனதே காரணம். சரிசெய்ய வந்த இஞ்சினியர்களுக்கே உள்ளே நுழையத் தாமதமானது; அவர்களுடைய கருவிகளும் அதே வலையில்தானே இருந்தன!

நம்ம கெங்கவல்லியில் அது தூங்கப்போகிற நேரம். மறுநாள் செய்தி கேட்டதும் எனக்குத் திக்கென்றது. ஜெப விண்ணப்பமும் இப்போது குரூப்பில்தானே வருகிறது, ராத்திரி அவசரமென்றால்? போனை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தேன். மகன் எண் சுத்தமாக வரவில்லை. மனைவி எண்ணில் கடைசி மூன்று இலக்கம் இல்லை. அந்தக் காலத்தில் எஸ்.டி.டி. பூத்தில் நின்று அழுத்திய அக்கா வீட்டு எண் மட்டும் பிசகாமல் வந்தது. அந்த லைனை எடுத்து வருஷமாச்சு.

நீங்களும் எழுதிப் பாருங்க. நான் ஏழு எண்களை வேதாகமத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். மனைவி எண்ணை இன்னும் தப்பாகத்தான் சொல்லுகிறேன்.